பற்றைக் காணியில் கண்ட அரிய செடியைப் பெயர்த்து நடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் மீட்டுச் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன். வடமராட்சி கிழக்கில் உள்ள உங்கள் பரம்பரைக் காணியின் பற்றைக்குள், இலைகள் வாடிய பிறகு முழங்கால் உயரத்துக்கு எழும் தண்டில் பசுமஞ்சள் பூக்கள் பூக்கும் செடிகள் சிலவற்றைக் கண்டிருக்கிறீர்கள். இளவயதில் இவற்றைப் பல இடங்களில் கண்டதாகவும் இப்போது வேறெங்கும் காண்பதில்லை என்றும் அயலிலுள்ள முதியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு வீடு கட்டக் காணியைத் துப்புரவாக்க வேண்டியிருப்பதால், செடிகளைக் கிழங்கோடு கிண்டியெடுத்துக் கோண்டாவில் வீட்டில் சாடிகளில் வைத்தால் அவை காப்பாற்றப்பட்டதாகுமா என்று கேட்கிறீர்கள். படத்தையும் இடத்தையும் முகநூலில் இடலாமா என்பது இரண்டாவது கேள்வி. தாவரவியல் கற்பித்தும், வடக்கின் பற்றைகளிலும் தரவைகளிலும் செடிகளைத் தேடியும் பல ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற முறையில் என் விடை இதுதான்: பெயர்த்தெடுப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யவேண்டியது. உங்கள் காணியில் அந்த நிலை இன்னும் வந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

செடி எது என்பதிலிருந்து தொடங்குவோம். நீங்கள் அனுப்பிய படத்திலிருந்து அது நிலத்தில் வளரும் ஒர்கிட் என்று சொல்லலாம். மூன்று புறவிதழ்கள், வேறுபட்ட வடிவிலான ஓர் உதட்டிதழ், நடுவே ஆண் பெண் உறுப்புகள் ஒன்றாய்த் திரண்ட தூண் ஆகியன தெளிவாகத் தெரிகின்றன. யூலோபியா என்ற பேரினத்தின் சாயல் உண்டு. இதற்கு மேல் இனப்பெயரைப் படத்தை வைத்து நான் சொல்லப்போவதில்லை. உதட்டிதழின் உட்புறத்தில் உள்ள வரிகள், அதன் பின்புறத்தில் பை போன்ற நீட்சி இருக்கிறதா, நிலத்துக்குள் இருக்கும் குமிழின் வடிவம் என்ன என்பனவற்றைப் பார்க்காமல் பெயர் வைப்பது ஊகம்தான். தொலைபேசிச் செயலிகள் தயங்காமல் ஒரு பெயர் சொல்லும். நமது உலர்வலயச் செடிகள் பலவற்றுக்கு அவை சொல்லும் பெயர் பேரினம் வரை சரியாகவும் இனத்தில் பிழையாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அரிது என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாவரங்களில் பெரும்பகுதி பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையிலும் உள்ளவை. ஆகவே இங்கே அரிதானது உலகில் அரிதாக இருக்கவேண்டியதில்லை. மறுபுறம், உலர்வலயத்தின் பருவ ஈரநிலங்களில் வளரும் ஓரைசா றைசோமாட்டிஸ் என்ற காட்டு நெல், 1990 இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அது இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. புல் என்று உழவு இயந்திரத்தால் புரட்டிவிடக்கூடிய அந்தச் செடி, உலகக் கணக்கில் நெடுந்தீவின் பெருக்குமரத்தை விடப் பன்மடங்கு அரியது. பெருக்குமரம் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதைப் பேண வரலாற்றுக் காரணம் நிரம்ப உண்டு, ஆனால் அது காட்டுத் தாவரப் பாதுகாப்பு ஆகாது. உங்கள் ஒர்கிட் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. உலகளவில் அழியும் தறுவாயில் இருப்பதாக இருக்காது. குடாநாட்டில் அதன் கூட்டங்கள் மிகச் சிலவாக இருக்கக்கூடும். இனப்பரம்பலின் ஓரத்தில் வாழும் இத்தகைய கூட்டங்கள், வறட்சியையும் உவர்க்காற்றையும் தாங்கும் தனித்தன்மைகளைப் பெற்றிருப்பதுண்டு. எனவே தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறதே என்று சொல்லி இதைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி, சாடியில் வைப்பது. ஒர்கிட் காய் ஒன்றை முற்றிய பருவத்தில் பிளந்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். முகப்பவுடர் போன்ற மஞ்சள் தூள் விழும். ஒரு மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். அந்தத் தூள் அத்தனையும் விதைகள். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். பயறு விதைக்கோ பனங்கொட்டைக்கோ இருப்பது போன்ற சேமிப்புணவு இவற்றில் இல்லை. மண்ணில் உள்ள குறிப்பிட்ட சில பங்கசுகள், அதாவது பூஞ்சண வகைகள், விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் முளை வளரும். இது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. 1922 இல் நட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சீனி கலந்த ஊடகத்தில் பங்கசு இல்லாமலே ஒர்கிட் விதைகளை முளைக்கவைத்துக் காட்டினார். இன்று பேராதனையிலும் பிற இடங்களிலும் நடக்கும் இழைய வளர்ப்பு அந்த வழியில் வந்ததே. ஆகவே ஆய்வுகூடத்தில் கன்றுகளைப் பெருக்குவது முடியாத காரியம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சாடியில் உள்ள மண்ணில் அந்தப் பங்கசு இருக்குமா, இருந்தாலும் தொடர்ந்து உயிர்வாழுமா என்பது ஐயத்துக்குரியது. குமிழில் சேமித்த சத்தைக் கொண்டு செடி இரண்டு மூன்று ஆண்டுகள் பூக்கவும் கூடும். நட்டவருக்கு அது வெற்றியாகத் தோன்றும். பிறகு ஒரு மாரியில் குமிழ் அழுகி எல்லாம் முடிந்துபோகும்.

பூ இருந்தால் மட்டும் காய் வந்துவிடாது. யூலோபியா இனங்கள் பலவற்றின் பூக்களில் தேன் இல்லை. தேன் இருப்பதுபோல் தோற்றம் காட்டி வண்டுகளை ஏமாற்றி மகரந்தச்சேர்க்கை நடத்துகின்றன. ஏமாந்த வண்டு மறுமுறை அந்தப் பூவுக்கு எளிதில் வராது என்பதால் காய்ப்பு எப்போதும் குறைவே. அயலில் தேன் தரும் மற்றப் பூக்கள் நிறைய இருந்து வண்டுகள் நடமாடினால்தான் தற்செயலாக ஒன்றிரண்டு இதற்குள்ளும் நுழையும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுகள் இவ்வகைப் பூக்களுக்கு வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த வண்டுகளுக்குப் பட்டுப்போன மரமும் காய்ந்த கதியாலும் தேவை. பற்றையை அழித்து, பட்ட மரங்களை விறகாக்கி, செடியை மட்டும் சீமெந்து முற்றத்துக்குக் கொண்டுபோனால் அது ஆண் பனைகள் மட்டும் நிற்கும் வளவைப் போன்றது. பச்சையாக நிற்கும், அடுத்த தலைமுறை வராது.

செடியைக் கிண்டுவதே அழிவுக்குக் காரணம் என்றும் எப்போதும் சொல்லிவிட முடியாது. இதற்கு நமது மண்ணிலேயே நல்ல சான்று இருக்கிறது. சாயவேர் என்பது மணற்பாங்கான கரையோரங்களில் நிலத்தோடு படர்ந்து வளரும் சிறு செடி. அதன் வேரையும் படிகாரத்தையும் சேர்த்துத் துணிக்குச் சிவப்புச் சாயமிட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தீவுகளிலும் அந்த வேரைக் கிண்டுவதையே கடமையாகக் கொண்ட மக்கள் இருந்தார்கள். ஒல்லாந்தக் கம்பனி அந்த வேரைத் தன் உரிமைப் பொருளாக வைத்திருந்தது. பயிரிட்ட வேரை விடத் தானாக வளர்ந்த வேருக்கே மதிப்பு அதிகம் என்பதால் தோண்டப்பட்டது பெரும்பாலும் காட்டுச் செடிதான். 1869 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில், அந்த வேரின் சிவப்பு நிறப்பொருளான அலிசரினைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்ட பின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வேரோடு பிடுங்கப்பட்ட சாயவேர் இன்றும் நமது மணற்கரைகளில் இருக்கிறது. தோண்டியவர்கள் மணலை விட்டுவிட்டுப் போனார்கள், மணலில் விதை கிடந்தது, அடுத்த மாரியில் முளைத்தது. மணலையே டிப்பரில் ஏற்றிக்கொண்டு போகும் காலம் இது. குடத்தனை, அம்பன், நாகர்கோவில் பக்கம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேல்மணல் போனால் விதையும் பங்கசும் சேர்ந்தே போய்விடும். இதைச் சொல்வதால் கிண்டியெடுப்பதில் கேடில்லை என்று கொள்ளவேண்டாம். ஆண்டுதோறும் பெருமளவு விதை உதிர்க்கும் சாயவேருக்குப் பொருந்துவது, காய்ப்பே அரிதான ஒர்கிட்டுக்குப் பொருந்தாது. மூலிகைக்காகப் பெருமளவில் பிடுங்கப்பட்ட நிலவேம்பு, அதாவது சிங்களத்தில் பின்கொஹொம்ப எனப்படுவது, காட்டில் அரிதாகிப் போனதற்கு அப்படிக் கிண்டியெடுத்ததே முதற்காரணம்.

குடாநாட்டில் காட்டுச் செடிகள் மறைவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். அது மதில். கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்ற வேலிகளின் அடியில் முசுட்டை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, முடக்கொத்தான் என்று எத்தனையோ கொடிகள் உழவுக்கும் மண்வெட்டிக்கும் தப்பி வாழ்ந்தன. ஒழுங்கைக்கு ஒழுங்கை சீமெந்து மதில் எழுந்தபோது அந்த ஒடுக்கமான காடு போய்விட்டது. முசுட்டை இலை வறை சாப்பிட விரும்புபவர் இன்று இலைக்காக ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம் பார்த்தீனியம் என்ற அந்நியக் களை. இலங்கையில் அது 1999 இல் வவுனியாவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காலமும் இடமும் பொருந்துகின்றன என்பதற்கு மேல் அந்தக் கூற்றுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அது எப்படி வந்தாலும், கிண்டிக் கிளறப்பட்ட மண்ணில் முதலில் முளைப்பது அதுதான். உங்கள் காணியில் டோசர் ஓடிய மறுமாரியில் என்ன முளைக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. கார்த்திகை மாத மரநடுகை நல்ல வழக்கம்தான், ஆனால் கண்ட இடத்திலெல்லாம் மரம் நடுவது திறந்த வெளியில் வாழும் செடிகளுக்குக் கேடு. மணற்காட்டில் சவுக்குத் தோப்பு நிற்கும் இடத்துக்குச் சென்று நிலத்தைப் பாருங்கள். மெத்தை போல உதிர்ந்துகிடக்கும் சவுக்குச் சருகுக்கு அடியில் ஏறத்தாழ எதுவும் இல்லை. தோப்புக்கு வெளியே சில அடி தள்ளி, வெயில் படும் மணல்மேட்டில் அடும்பும் இராவணன் மீசையும் அவற்றிடையே சிறு செடிகளும் படர்ந்திருக்கும். மணல் பறப்பதைத் தடுக்கச் சவுக்கு நடப்பட்டது. அதற்கு அது உதவியும் இருக்கிறது. ஆனால் தரவையும் மணல்மேடும் மரமில்லாத தரிசு, அதனால் பயனற்றவை என்ற எண்ணம் நமது அரிய செடிகளுக்குப் பேரிடர்.

மேய்ச்சலைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. ஆடுமாடு கட்டினால் செடி அழியும் என்று நீங்கள் எண்ணி முள்வேலி அடிக்க விரும்பக்கூடும். அளவுக்கு மீறிய மேய்ச்சல் அழிக்கும் என்பது உண்மை. மேய்ச்சலை முற்றாக நிறுத்தினால் புதரும் உயர்ந்த புல்லும் மூடி, தாழ்ந்த செடிகள் வெளிச்சமின்றி மடிவதும் உண்டு. இந்தியாவின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982 இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்தபின் நீர்நிலைகளைப் புல் மூடிவிட்டது இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம். உங்கள் காணியில் இதுவரை எந்த அளவு மேய்ச்சல் நடந்ததோ, அதே அளவில்தான் இந்தச் செடி பிழைத்திருக்கிறது. அதனால் அதை மாற்றாமல் விடுவதே இப்போதைக்குப் பாதுகாப்பானது. பூத்தண்டு எழும் சில வாரங்களுக்கு மட்டும் ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உடனடியாகச் செய்யவேண்டியது எண்ணிக்கை எடுப்பது. பூத்திருக்கும் போது மட்டும் எண்ணினால் போதாது. நில ஒர்கிட்டுகள் சில ஆண்டுகளில் பூக்காமலும், சில வேளை இலையே விடாமலும் நிலத்துக்குள் இருந்துவிடும். மாரி முடிந்து தை, மாசியில் இலையோடு நிற்கையில் ஒருமுறையும், பூக்கும் காலத்தில் ஒருமுறையும், காய் முற்றும்போது ஒருமுறையும் பாருங்கள். ஆடி மாதச் சோளகத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் அருகில் ஒரு மூங்கிற் குச்சியை ஊன்றி இலக்கமிடுங்கள். அந்த இலக்கத்துக்கு எதிரே இலைகளின் எண்ணிக்கை, பூத்தண்டு உண்டா இல்லையா, காய் எத்தனை என்று கொப்பியில் எழுதுங்கள். மண் மணலா, சுண்ணக்கல்லின் பொந்தில் தேங்கிய செம்மண்ணா, அருகில் என்ன மரம் நிற்கிறது, நிழல் எந்நேரம் விழுகிறது என்பனவும் வேண்டும். இவ்வாறு மூன்று ஆண்டு எழுதிய கொப்பி ஒன்று, நூறு படங்களை விடப் பயனுள்ளது.

பெயரை உறுதிப்படுத்த உலர்மாதிரி தேவைப்படலாம். இருபது செடிகளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது களத்தில் நாங்கள் பின்பற்றும் விதி. உங்களிடம் இருபதே இல்லையென்றால் முழுச் செடியை எடுக்கவே வேண்டாம், ஒரு தண்டில் இரண்டு பூக்கள் போதும். அவற்றில் ஒன்றை நீர் கலந்த மதுசாரத்தில் ஒரு சிறு போத்தலில் இடுங்கள், ஏனெனில் ஒர்கிட் பூ காய்ந்தால் உதட்டிதழின் வடிவம் கெட்டுவிடும். மற்றதைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே விரித்து, மேலே பாரம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றுங்கள். மாரிக்காலத்தில் தாளை மாற்ற மறந்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். இடம், திகதி, பூவின் நிறம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதுங்கள்; காய்ந்த பூவுக்கு நிறம் இராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினரிடமோ, பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரத் தொகுப்பிலோ காட்டி ஒப்பிடலாம். மாதிரி எடுக்குமுன் அவர்களோடு பேசுவது நல்லது, ஏனெனில் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள தாவரங்களை அனுமதியின்றிப் பிடுங்குவது குற்றம். 1937 இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட சட்டம் அது. ஒர்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. உங்கள் சொந்தக் காணியில் நிற்கும் ஒரு செடி விடயத்தில் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதை வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டறியுங்கள். நான் சட்டத்தரணி அல்லன்.

முகநூல் பற்றிய கேள்விக்கு என் விடை வேண்டாம் என்பதே, குறைந்தது இடத்தைக் குறிப்பிட்டு வேண்டாம். ஒரு செடி அரியது என்று அறிவிப்பதே அதற்கு ஆபத்தாய் முடிவதுண்டு. மொரீசியசுக்குச் சொந்தமான ரொட்ரிக்ஸ் தீவில், அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட ஒரு காட்டுக் கோப்பி இனத்தின் ஒற்றைச் செடியை 1980 அளவில் ஒரு பாடசாலை மாணவன் கண்டுபிடித்தான். செய்தி பரவியதும் மருந்துக்கு உதவும் என்று ஆட்கள் கிளைகளை ஒடித்துப்போகத் தொடங்கினார்கள், சுற்றிவரப் பல வேலிகள் போடவேண்டியதாயிற்று. கிளைத்துண்டுகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் வேர்விட்டன, பூத்தன, ஆனால் பல ஆண்டுகள் காய்க்கவில்லை. 2003 இல்தான் விதை கிடைத்தது. நமது நாட்டில் வல்லப்பட்டை மரத்தில் அகிலைப் போன்ற பிசின் உண்டு என்பது தெரிந்தபின் ஈரவலயக் காடுகளில் அது களவாக வெட்டிக் கடத்தப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் 2004 ஆம் ஆண்டு மாநாட்டிலேயே அந்தப் பேரினம் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தும் கடத்தல் நிற்கவில்லை. ஆயினும் யாருக்கும் சொல்லாமலிருப்பதும் சரியாகாது. அழியும் ஆபத்திலுள்ள இனங்களைக் குறிக்கும் 2012 ஆம் ஆண்டின் தேசியச் சிவப்புப் பட்டியலில் அழிந்ததாகக் குறிக்கப்பட்ட குருடியா சைலானிக்கா மரம் 2019 இல் கம்பகா மாவட்டத்தில் வீதியோரத்தில் இனங்காணப்பட்டது. 2021 இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் பார்த்தபோது, அது எது என்று அறிந்தவர்கள் இருந்ததால்தான் எதிர்ப்பு எழுந்தது. துறைசார்ந்த இரண்டு மூன்று பேருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லிவையுங்கள். ஊரறியச் செய்வதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, நீங்கள் குறிப்பிட்ட பன்னிரண்டு பரப்புக் காணியில் செடிகள் நிற்பது தென்கிழக்கு மூலையில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டையும் மலசலகூடக் குழியையும் வடக்குப் பக்கமாகத் திட்டமிட்டு, அந்த மூலையில் ஒன்றரைப் பரப்பை, செடி நிற்கும் இடத்தோடு சுற்றிவரச் சில யார் பற்றையும் சேர்த்து, அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மூலைக்கு மதில் கட்டாமல் கதியால் வேலி போடுங்கள். கட்டடக் கல்லும் மணலும் அங்கே கொட்ட வேண்டாம் என்று மேசனிடம் முதல் நாளே சொல்லுங்கள், ஏனெனில் மீதமான சீமெந்துக் கலவையை மூலையில் கொட்டுவதே வழக்கம். டோசரை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னர் அந்த மூலையைக் கயிற்றால் அடைத்து அடையாளமிடுங்கள். ஓட்டுபவருக்கு எல்லாப் பற்றையும் ஒன்றுதான்.

எப்படியும் இடம் போய்விடும் என்ற நிலை வந்தால் மட்டும் பெயர்த்தல். அப்போதும் சாடிக்குக் கொண்டுபோகாமல், அதே காணியில் அல்லது அதே மணற்பகுதியில் ஒத்த நிழலுள்ள பற்றைக்கு மாற்றுங்கள். இலை உதிர்ந்து குமிழ் உறங்கும் காலத்தில், குமிழைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு மண்ணை உதிராமல் பாளமாக வெட்டி, அன்றே புதிய இடத்தில் இறக்க வேண்டும். எல்லாச் செடிகளையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். இப்படி மாற்றியவை எத்தனை நிலைக்கும் என்று உறுதி தரமாட்டேன். உலகெங்கும் இத்தகைய முயற்சிகளில் தோல்வியே அதிகம். காய் முற்றினால், அந்த ஆண்டின் காய்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்படாமல், வெடிக்கும் முன் எடுத்துக் காகித உறையில் இட்டு ஆய்வுகூடம் உள்ளவர்களிடம் சேர்ப்பியுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் வியர்த்து விதை கெட்டுவிடும். பூத்தண்டு அடுத்து எழும்போது உதட்டிதழை நேர்முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, படமெடுத்து இங்கேயே அனுப்புங்கள். இடப்பெயரைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு அனுப்பினால் இனத்தைப் பற்றி மேலும் ஏதாவது சொல்ல முயல்வேன்.